மருந்தில் பொரித்த முந்திரிக்கொத்து

ஒரு பாடத்தைப் படித்து முடித்தவரால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து கிடையாது. படிக்காதவராலும் கிடையாது. பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கிறார் பாருங்கள், அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். யாரையும் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆளே நான்தான்.

இன்றைக்கு நான் மார்த்தாண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர், ஊசி ஏறுகிற நேரம் பார்த்துக் கேட்பார்: "நல்லெண்ணெ சுகருக்குக் கொள்ளாம், நல்லதுன்னு சொல்லுகாவளே, உள்ளதா?" பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பேன். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியம். நல்லெண்ணெயை வைத்தே எம்.எஸ்சி. முடித்தவள் அந்தப் பேச்சு வந்தால் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறாள் என்று. (திறந்து பார்த்தாயிற்று, ஒரு தடவை நன்றாகவே திறந்து பார்த்தாயிற்று.)

கதை நடந்தபோது நான் உயிர்வேதியியல் கடைசி வருஷம். எனக்குக் கிடைத்த புராஜெக்ட், நல்லெண்ணெயின் ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை. சாப்பிட்டது உடம்பில் எரிகிறபோது சில வம்புக்காரத் துகள்கள் உண்டாகும். அவை கண்ட இடத்தில் போய் இடித்து, செல்களைக் கெடுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வம்பு கொஞ்சம் கூடுதல். இந்தத் துகள்களைப் பிடித்து அடக்குகிற சாமானுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். எள்ளில் அது உண்டு. இதை எப்படிப் பார்ப்பது என்றால், ஊதா நிறத்தில் ஒரு கரைசல் இருக்கிறது. எண்ணெயிலிருந்து பிரித்த சாற்றைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டால், ஊதா மங்கி மஞ்சளாகும். முதல் தடவை அது மஞ்சளானபோது சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சர்க்கரை நோய்க்கு இனி உலகத்தில் வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கருங்கலுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணிக்கு முதல் பிரசங்கம். வீட்டில் அம்மாவுக்கு இரண்டாவது. அதன்பிறகு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எண்ணெய் என்றாலே தேங்காய் எண்ணெய்தான். அவியலில் ஊற்றுவது அது, மீன் பொரிப்பது அது, தலையில் வைப்பதும் அது. நல்லெண்ணெய்க்கு எங்கள் வீட்டில் தோசைப் பொடியிலும் ஊறுகாயிலும், அப்பாவின் சனிக்கிழமைக் குளியலிலும் மட்டும்தான் இடம். அப்படிப்பட்ட வீட்டில் நான் நல்லெண்ணெய்க்குக் கட்சி கட்டினேன்.

அந்த நேரத்தில்தான் என் அக்கா ஷீஜாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அனீஷ் அத்தானுக்கு வீடு திருவட்டாறு பக்கம், வேலை துபாயில். அவருடைய அப்பா தங்கப்பன் மாமாவுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே குமிழ் உண்டா, கறை உண்டா, பூஞ்சைப் பூப்பு உண்டா என்று பார்த்து, பார்த்த வேகத்தில் தரம் சொல்கிறவர். அவர் சொன்னால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது. ஷீட்டைத் தூக்கினால் ஷீட்டும் தெரியவில்லை, பிடித்த கையும் தெரியவில்லை. ஒரு நாள் மட்டமான ஷீட்டை முதல்தரம் என்று சொல்லிவிட்டாராம். சுற்றி நின்றவர்கள் மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அந்த மௌனம் அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து முட்டுவலி என்று சொல்லிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முட்டில் அவருக்கு ஒன்றும் கிடையாது.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். தடை, அவருடைய சுகர். அது குறைந்தால்தான் கண்ணில் கை வைப்போம் என்று கண்ணாஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி சரசு மாமி மாதக்கணக்கில் அவரைக் கோதுமைக் கஞ்சியிலும் பாவக்காயிலும் நிறுத்தி, வீட்டில் இனிப்பு வாசனையே வராமல் காவல் காத்து, ஒரு வழியாகச் சுகரைக் கீழே கொண்டுவந்திருந்தார். ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்தது. அத்தான் லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புவதற்கு முன்னால், மகன் பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. கல்யாண மேடையில் மருமகள் காலில் விழுந்து எழுந்தபோது, அவள் முகம் அவருக்கு வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்ததாம். "கண்ணு தெளிஞ்ச பொறவு ஒனக்க முகத்தப் பாத்து ஆசீர்வாதம் பண்ணுகேன் மக்ளே" என்று சொல்லியிருந்தார்.

கல்யாணம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் அடுக்களை காணல் என்று ஒரு சடங்கு உண்டு. பெண் வீட்டார் திரண்டு போய், தங்கள் பெண் இனி நிற்கப்போகிற அடுக்களையைப் பார்த்துவிட்டு வருவார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது. டிரம் டிரம்மாகப் பலகாரம் போகும். அச்சுமுறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து. இதில் முந்திரிக்கொத்துதான் ராஜா. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காய் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, அரிசி மாவில் முக்கி, மும்மூன்றாக ஒட்டிப் பொரித்து எடுப்பது. அது எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சம்பந்தி வீட்டில் பெண்ணின் அம்மாவுக்கு மார்க் போடுவார்கள்.

பலகாரம் பொரிக்கிற அன்று காலையில் நான் ஒரு டின் செக்கு நல்லெண்ணெயோடு வந்து இறங்கினேன்.

"ஏட்டி, இது என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

"முந்திரிக்கொத்து பொரிக்க."

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அடுக்களை காணலுக்குப் போற பலகாரமாக்கும். நல்லெண்ணெயில பொரிச்சா மணம் அடிக்காதா?"

"அம்மா, அந்த வீட்டு மாமாவுக்கு சுகர். இவ்வளவு பலகாரம் வந்து எறங்கும், அவரு ஒருத்தரு மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணுமா?"

"எதுல பொரிச்சாலும் அவரு தின்ன ஒக்காதுட்டி. உள்ள இருக்கது கருப்பட்டியாக்கும்."

நியாயமாக இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். நான் விடவில்லை. கருப்பட்டி வேறு சீனி வேறு என்றேன். நல்லெண்ணெயில் இருக்கிற சத்து கருப்பட்டியைச் சமாளித்துக்கொள்ளும் என்றேன். (சமாளித்துக்கொள்ளும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) செல்கள், துகள்கள், ஊதா, மஞ்சள் என்று வரிசையாக அடுக்கினேன். அப்பா அந்தப் பக்கமாகப் போனவர், "பிள்ள இவ்வளவு படிச்சிருக்கு, பின்ன சும்மாவா சொல்லும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்குச் சண்டை போட நேரமில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"சவத்த, என்னமும் செய். நாளைக்கு எவளாவது கேட்டா நீதான் பதில் சொல்லணும், கேட்டியா?" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் திருவட்டாறில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. பெண்கள் அடுக்களைக்குள் போய், அடுப்பைப் பார்த்து, மிக்சியைப் பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சினார்கள். பிறகு கூடத்தில் டிரம்களைத் திறந்தார்கள். முந்திரிக்கொத்து டிரம்மின் மூடி கழன்றதுதான் தாமதம், நல்லெண்ணெய் வாசம் கூடத்தை நிறைத்தது. மாமியின் நாத்தனார் ஒருவர், வாய் கொஞ்சம் நீளம், டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதென்னவாக்கும் மணம்? பலகாரத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிக் கொண்டு வந்திருக்கியளோ?"

கூடமே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவைப் பார்த்தேன். புதுப்பெண், அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண் கலங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! சும்மா நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு அதோடு போயிருக்கும். நான் கூடத்தின் நடுவில் போய் நின்றேன்.

"இது தெரியாம நடந்தது இல்ல. வேணும்னே செய்தது. நல்லெண்ணெயில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு. அது என்ன செய்யும்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். கல்லூரியில் செமினாருக்கு வைத்திருந்த பேச்சை அப்படியே எடுத்து விட்டேன். தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. ஆங்கிலம் வந்த இடங்களில் எல்லாம் சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. நாத்தனார் மெதுவாகப் பின்வாங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது. "ஆரு அது பேசுகது?"

தங்கப்பன் மாமா.

"ஷீஜாக்க தங்கச்சி ரஞ்சினியாக்கும்" என்றார் மாமி.

"டாக்டருக்காக்கும் படிக்குது?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரத்தம், சுகர் எல்லாம் அவளுக்க படிப்புல உண்டு" என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் குனிந்த தலை அல்லவா, நிமிர்கிற வேகத்தில் வந்த வார்த்தை. நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது நன்றாக இருந்தது.

"பிள்ளே, அப்ப சுகர்க்காரனும் இதத் தின்னலாமா?"

"தாராளமா மாமா. அந்த எண்ணெ சுகர் உள்ளவங்களுக்கு நல்லதாக்கும்."

மாமி என் முகத்தைப் பார்த்தார். மாதக்கணக்காகக் காவல் காத்தவரின் பார்வை அது. நான் ஒரு தலையாட்டல் ஆட்டினேன், பெரிய டாக்டர்கள் ஆட்டுவதுபோல. மாமி தட்டில் ஒன்றே ஒன்று வைத்து மாமாவிடம் நீட்டினார். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத மனிதருக்கு அந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. எடுத்தார். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் மென்றார்.

"வாயில இனிப்பு பட்டு எத்தன காலமாச்சு" என்றார். ஒரு மனிதரைச் சந்தோஷப்படுத்திவிட்டோம் என்ற பெருமையில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அக்கா போன் செய்தாள். "ஏட்டி, மாமாவுக்கு நீ சொன்னது ரெம்பப் பிடிச்சுப் போச்சு. காலத்த ஆகாரத்துக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. உச்சைச் சோத்துக்கும் அப்படித்தான். மருந்து நேரந்தவறக் கூடாதுன்னு அவரே கேட்டு வாங்கித் திங்குகாரு."

"மாத்திரை?"

"அதும் போடுகாரு. ரெண்டும் சேந்தா இன்னும் கொள்ளாம்னு சொல்லுகாரு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏட்டி, கருப்பட்டி உண்டுல்லா. ஒண்ணும் ஆகாதுல்லா?"

"அக்கா, எண்ணெ பாத்துக்கும்" என்றேன். போனை வைத்துவிட்டு, எண்ணெய் டின்னின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, 'உணவே மருந்து' என்று எழுதியும் வைத்தேன். நிறைய பேர் கைதட்டல் அனுப்பியிருந்தார்கள்.

ஆபரேஷன் அன்று நானும் கிளம்பினேன். என்னைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும் என்று மாமாவே சொல்லிவிட்டாராம். நாகர்கோவில் கண்ணாஸ்பத்திரியில் மாமா புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய சந்தனத்தோடு, கல்யாண மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். மெஷினைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, இன்னொரு விரலில் குத்தினார். பிறகு போய் டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். சுகர் நானூறைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"போன தடவை நல்லா இருந்துதே. என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நேத்து ராத்திரி கோதம்பு தோச. பின்ன மருந்து" என்றார் மாமா.

"எந்த மருந்து?"

"எண்ணெ மருந்து. சரசு, அத எடுத்துக் காட்டு."

மாமி பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார். ஆபரேஷன் முடிந்ததும் சாப்பிடுவதற்காகப் பத்திரமாகக் கொண்டுவந்தது. டாக்டரம்மா திறந்து பார்த்தார். ஒன்றை எடுத்து உடைத்தார். முகர்ந்து பார்த்தார்.

"இது முந்திரிக்கொத்துல்லா?"

"ஆமா. ஆனா மருந்துல பொரிச்சதாக்கும்" என்றார் மாமா.

"சீனி ஒரு பொட்டு கெடையாது, கருப்பட்டிதான்" என்று மாமி கூடவே சொன்னார். சிஸ்டர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"யாரு சொன்னா இதத் தின்னச் சொல்லி?"

"எங்க டாக்டரு பிள்ள. இன்னா நிக்குதே" என்று மாமா கையை நீட்டினார். அவர் காட்டியது மூலையில் இருந்த எடை பார்க்கும் மெஷினை. அக்கா அந்தக் கையைப் பிடித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமே இல்லாத குரல்.

"நீங்க எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"நான் வந்து... எம்.எஸ்சி. மேடம். ஃபைனல் இயர். நல்லெண்ணெயில புராஜெக்ட். ஆன்டிஆக்ஸிடன்ட்."

"நல்ல விஷயம். எதுல செய்து பாத்தீங்க?"

"டெஸ்ட் ட்யூப்ல மேடம்."

"அந்த ட்யூப்ல கருப்பட்டி போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அரிசி மாவு?"

"இல்ல மேடம்."

"எண்ணெயக் கொதிக்கவச்சு, பொரிச்சு பொரிச்சு எடுத்த பொறவு சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"ட்யூபுக்கு சுகர் உண்டா?"

நான் தரையைப் பார்த்தேன். நல்ல பளபளப்பான தரை. அது பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

டாக்டரம்மா மாமாவின் பக்கம் திரும்பி, பொறுமையாகச் சொன்னார். "எண்ணெயில நல்லது உண்டு, இல்லன்னு நான் சொல்லல. தாளிக்கிறதுக்கு அளவா ஊத்துங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அது மாத்திரை இல்ல. அதுல எதப் பொரிச்சாலும், கருப்பட்டி கருப்பட்டிதான், மாவு மாவுதான். இப்ப நான் கண்ணத் தொட்டா புண் ஆறாது, கிருமி பிடிச்சா உள்ள கண்ணும் போயிரும். வீட்டுக்குப் போங்க. சுகர் எறங்கட்டும், பாப்போம்."

மாமாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "அப்ப இன்னைக்கு இல்லியா?" என்றார். "அனீசு அடுத்த வாரம் போறான். அவன் இஞ்ச இருக்கும்பம்..." அதற்குமேல் சொல்லவில்லை. புது வேட்டியின் மடிப்பைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அத்தான் அவர் தோளைப் பிடித்து எழுப்பினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கும் எனக்கு அங்கே உரிமை கிடையாது என்று தோன்றியது.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். தக்கலையில் சாயா குடிக்க நிறுத்தியபோது அக்கா என்னை ஒதுக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். "ஒனக்குப் பேசி முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிரலாம். நான் அந்த அடுக்களையில நிக்கணும்டி. நாளைக்குக் காலத்த அவருக்குக் கஞ்சி கொண்டு குடுக்கப் போறது நானாக்கும். ஒன்னக் கொல்லணும் போல வருது" என்றாள். கொன்றிருந்தால்கூட நான் தடுத்திருக்க மாட்டேன்.

சரசு மாமி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் எங்கள் டிரம் திரும்பி வந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, எதையாவது நிரப்பித்தான் அனுப்புவார்கள். வாழைப்பழம் அனுப்புவார்கள், அரிசி அனுப்புவார்கள். அம்மா மூடியைத் திறந்தாள். விளிம்புவரை பாவக்காய். ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு நாளும் அதில் தேங்காய்த் துருவல் போட்டுத் தோரன் வைத்து, என் இலையில் மட்டும் பரிமாறினாள். டிரம் பெரியது.

அத்தான் துபாய்க்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "பிள்ளே, அப்பாவுக்கக் கண்ண ஒன்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். வகுப்பு இல்லாத நாளெல்லாம் பஸ் பிடித்துத் திருவட்டாறு போவேன். மாமாவின் விரலில் குத்தி, சுகர் பார்த்து, அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரோடு உட்கார்ந்து உப்பில்லாத கோதுமைக் கஞ்சி குடிப்பேன். மாமி எனக்கும் சேர்த்துப் பாவக்காய் வைப்பார். மாமாவுக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விரலை நீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பிள்ளே, கடலையெண்ணெயில மருந்து என்னமும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஆமணக்கெண்ணெ?"

"அதுல பலகாரம் பொரிச்சா நாம ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள இருக்க முடியாது மாமா." மாமி அடுக்களைக்குள் இருந்து முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சுகர் இறங்கியது, மெதுவாக, மனமில்லாமல். முதல் கண்ணுக்கு ஆபரேஷனும் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது அக்கா, மாமி, நான் மூன்று பேரும் நின்றோம். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, "பைய தொறங்க" என்றார். மாமா திறந்தார். முதலில் மாமியைப் பார்த்தார். "நீ இவ்வளவு கெழவியா ஆயிட்டியா?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். எழுந்து நின்று, அவள் தலையில் இரண்டு கையையும் வைத்தார். அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன், இந்தத் தடவை உரிமையோடு.

அதற்குப் பிறகு சுற்றுமுற்றும் தேடினார். "எங்க நம்ம டாக்டரு?"

"இன்னா நிக்கேன் மாமா" என்றேன்.

என்னைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டி மறுபடியும் பார்த்தார். மெலிந்த உடம்பு, ரெட்டைச் சடை, முகத்தில் பரு. டாக்டரம்மாவைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"இதா?" என்றார். "இந்தப் பொடிப்பிள்ளையா? கொரலக் கேட்டு நான் கண்ணாடி போட்ட ஒரு வலிய பொம்பளன்னில்லா நெனச்சேன்! எனக்கக் கண்ணு மட்டும் அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா, ஒனக்கப் பேச்சக் கேட்டு ஒரு பொட்டு வாயில வச்சிருப்பேனா?"

டாக்டரம்மா இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா பழையபடி கடைக்குப் போக ஆரம்பித்தார். ஷீட்டைத் தூக்கிப் பிடித்துத் தரம் சொல்கிறார். எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு வழக்கம் கட்டுப் பிரித்த அன்றிலிருந்து உண்டானது. யாராவது போனில் வந்ததைப் படித்துவிட்டு, இது மூட்டுக்கு நல்லது, அது முடிக்கு நல்லது என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் உடனே "மொதல்ல முகத்தக் காட்டு" என்பார். துபாயிலிருந்து அத்தான் பேசும்போது ஜலதோஷத்துக்கு இஞ்சி போடச் சொன்னால்கூட, "கேமராவ ஆன் பண்ணு பிள்ளே, முகத்தப் பாக்கட்டு" என்கிறார்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. என் அடுக்களை காணலுக்கு மாமா வரமாட்டார் என்று நினைத்தேன், ஆனால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். புது வீடு, புது ஆட்கள். நான் பட்டுச்சேலையில், அன்றைக்கு அக்கா நின்றதுபோல, தூணைப் பிடித்துக்கொண்டு அடக்கமாக நின்றேன். அம்மா கொண்டுவந்த டிரம்மைத் திறந்தார்கள். தேங்காய் எண்ணெய் வாசம் மட்டும்தான். என் மாமியார் மரியாதையாக ஒரு முந்திரிக்கொத்தைத் தட்டில் வைத்து மாமாவிடம் நீட்டினார். மாமா அதைக் கையில் எடுத்தார். சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த எண்ணெயில பொரிச்சது?" என்றார் உரக்க.

"தேங்காய் எண்ணெதான்" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப எனக்கு வேண்டாம்" என்று தட்டில் திருப்பி வைத்தார். "மருந்து இல்லாத பலகாரம் நான் திங்க மாட்டேன்."

எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில் டிரம் மூடி உருண்டு ஓடியது. என் மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சங்கதி?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். சரசு மாமி அவர் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒன்றுவிடாமல் சொன்னார், எடை மெஷின் உட்பட. என்னைப் பற்றி அந்த அடுக்களைக்குள் நுழைந்த முதல் செய்தி அதுதான்.

என் மாமியாருக்கும் சுகர் உண்டு. இன்றைக்கும் நான் எதையாவது கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போய் நீட்டினால், கையை மடியில் வைத்துக்கொண்டே சொல்வார்: "வெளிச்சத்துல வந்து நில்லு பிள்ளே. மொதல்ல முகத்தக் காட்டு."